சாப்பிட மறுத்த இரண்டு ஆமைக்குஞ்சுகள்: முதல் நாற்பது நாள்களின் பதிவு

ஹெர்மன் என்னும் தென் ஐரோப்பியத் தரைவாழ் ஆமை இனத்தைச் சேர்ந்த இரண்டு குஞ்சுகள் என்னிடம் வந்து இன்றோடு நாற்பது நாள்கள் ஆகின்றன. அவற்றுள் ஒன்று முதல் ஏழு நாள்களும் மற்றொன்று முதல் பதின்மூன்று நாள்களும் ஒரு வாய் கூடத் தின்னவில்லை. அந்த நாள்களில் எழுதி வந்த குறிப்பேட்டை இப்போது புரட்டினால், தொடக்கப் பக்கங்கள் முழுவதும் தீனியைப் பற்றிய குறிப்புகளாகவே இருக்கின்றன: எந்த இலையை வைத்தேன், எவ்வளவு பொடியாக நறுக்கினேன், எத்தனை மணிக்கு எடுத்தேன். அவை குடியிருந்த பெட்டியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கோளாறோ முழுக்க முழுக்கப் பெட்டியில்தான் இருந்தது.

வந்தபோது இரண்டுக்கும் வயது ஐந்து வாரம். கழுத்துக்கு நேர் மேலே உள்ள ஓட்டுத் தகட்டில் மஞ்சள் புள்ளி கொண்டதைப் பொட்டு என்றும், முதுகின் குறுக்கே கருங்கோடு ஓடுவதைக் கீற்று என்றும் அழைக்கத் தொடங்கினேன். முதல் நாள் எடை: பொட்டு 15.2 கிராம், கீற்று 17.4 கிராம். ஓட்டின் நீளம் இரண்டுக்கும் 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆணா பெண்ணா என்றே கேட்டார்கள். இந்த இனத்தில் முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையே பாலினத்தைத் தீர்மானிக்கிறது. அதை வெளித்தோற்றத்தைக் கொண்டு சொல்ல இன்னும் பல ஆண்டுகள் ஆகும். வளர்ப்பிடத்திலேயே பொரித்த குஞ்சுகள் என்பதற்கான சான்றையும் பிற ஆவணங்களையும் வாங்கும்போதே பெற்றுக்கொண்டேன். அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனம் என்பதால் அது இல்லாமல் வாங்குவதற்கில்லை.

பெட்டி என்று நான் சொல்வது 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட பழைய மீன்தொட்டி. தரையில் தென்னைநார்த் தூளை நான்கு விரற்கடை ஆழத்துக்குப் பரப்பி, ஒரு முனையில் வெப்பம் தரும் விளக்கையும், நீளவாட்டில் புற ஊதாக் குழல் விளக்கையும் தொங்கவிட்டு, மறு முனையில் அரைவட்ட மரப்பட்டை ஒன்றைக் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும் ஒளிவிடமாகக் கவிழ்த்து வைத்திருந்தேன். மேற்புறம் திறந்தே கிடந்தது. வெப்பமானி ஒன்றைக் கண்ணாடிச் சுவரில், வெளியிலிருந்து பார்த்தால் உடனே தெரியும்படி, ஒட்டியிருந்தேன். அது 31 பாகை செல்சியஸ் என்று காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துத் திருப்தி அடைந்ததுதான் என் முதல் தவறு.

முதல் இரண்டு நாள்கள் அவை சாப்பிடாததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடம் மாறிய குஞ்சு சில நாள்கள் ஒடுங்கிக் கிடப்பது இயல்பு என்று படித்திருந்தேன். முட்டையிலிருந்து வெளிவந்த புதிதில் வயிற்றுக்குள் எஞ்சியிருக்கும் மஞ்சள் கரு சில நாள்களுக்கு உணவாகும் என்பதும் தெரியும். ஆனால் ஐந்து வாரக் குஞ்சுக்கு அந்தச் சேமிப்பு தீர்ந்திருக்கும் என்பதை யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் பதற்றம் தொற்றிக்கொண்டது. ஒரு காலையில் டேன்டெலியன் என்னும் காட்டுச் செடியின் இலை, மறு காலையில் செம்பருத்தித் தளிர், அதற்கடுத்த காலையில் தோல் சீவிய சப்பாத்திக்கள்ளித் துண்டு என்று வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றின் மேலும் கால்சியம் பொடியைத் தாராளமாகத் தூவினேன். இலை சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் குஞ்சைத் தூக்கி இலைக்கு முன்னால் வைத்தேன். வைத்ததும் அது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால் இலையை மிதித்துக் கடந்து ஒளிவிடத்துக்குள் போயிருக்கும். எடை பார்ப்பதற்காக நாளுக்கு இரண்டு முறை வேறு தூக்கினேன். ஐந்தாம் நாள் மாலையில் பொட்டு 14.3 கிராமுக்கும் கீற்று 16.6 கிராமுக்கும் இறங்கியிருந்தன. பதினைந்து கிராம் உயிருக்கு ஒரு கிராம் என்பது ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த இரவில் எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

ஆறாம் நாள் காலையில், குஞ்சுகளைத் தந்த வளர்ப்பாளரை அழைத்தேன். என்ன தீனி வைக்கலாம் என்றுதான் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல், குஞ்சின் முதுகு இருக்கும் உயரத்தில் எத்தனை பாகை என்று திருப்பிக் கேட்டார். சுவரில் 31 என்றேன். குஞ்சு சுவரிலா உட்கார்ந்திருக்கிறது என்றார்.

கம்பியின் முனையில் உணரி கொண்ட வெப்பமானி ஒன்றை எடுத்து, உணரியைத் தரைக்கு மேல் இரண்டு செ.மீ. உயரத்தில் வைத்து, தொட்டியின் நீளம் முழுவதும் கால்மணி நேரத்துக்கு ஓரிடமாக அளந்தேன். விளக்குக்கு நேர் கீழே 28 பாகை. நடுவில் 23. ஒளிவிடத்துக்குள் 20. சுவரில் ஒட்டியிருந்த வெப்பமானி விளக்குக்கு அருகே, தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில், விளக்கொளி நேரடியாகப் படும் இடத்தில் இருந்ததால், குஞ்சுகளுக்கு எட்டாத வெப்பத்தை அளந்துகொண்டிருந்தது. சூடான காற்று மேலே எழுந்து திறந்த வாய் வழியாக வெளியேற, தரை குளிர்ந்தே கிடந்திருக்கிறது. அன்றிரவு விழித்திருந்து பார்த்தபோது விடியற்காலையில் ஒளிவிடத்தில் 16 பாகை இருந்தது. வளர்ந்த ஹெர்மன் ஆமை அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் தன் உடலுக்குத் தேவையான வெப்பத்தை வெளியிலிருந்தே பெற வேண்டிய, வயிறு காலியாக இருக்கும் சிறு குஞ்சு, அந்தக் குளிரிலிருந்து மீண்டு எழவே நண்பகல் ஆகிவிடும். நானோ விளக்கு எரியத் தொடங்கும் ஏழு மணிக்கே இலையை வைத்து, ஒன்பது மணிக்கு வாடிவிட்டது என்று எடுத்துவிடுவேன். அவற்றுக்குப் பசி எடுப்பதற்குள் பந்தி முடிந்துவிட்டது.

உடல் சூடேறாத ஆமைக்கு உணவைச் செரிக்கவும் இயலாது. இலையை உடைத்துப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதன் குடலின் பின்பகுதியில் வாழ்கின்றன. அவை வேலை செய்வதற்கு வெப்பம் வேண்டும். ஆகவே குளிர்ந்த குஞ்சு சாப்பிட மறுப்பது அடம் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டிருந்தால்தான் அதற்குத் தொல்லை.

அன்றும் மறுநாளும் தொட்டியைத் திருத்துவதிலேயே கழிந்தன. தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருந்த வெப்ப விளக்கை 30 செ.மீ.க்கு இறக்கி, கீழே ஒரு தட்டைக் கல்லை வைத்து, அந்தக் கல்லின் மேல், ஓட்டின் உயரத்தில் 34 பாகை வரும் வரை சிறிது சிறிதாகச் சரிசெய்தேன். மிகவும் நெருக்கி வைத்தால் சிறிய ஓட்டின் உச்சி மட்டும் சுட்டு உலரும் என்பதால், ஒரே புள்ளியில் குவியாமல் ஒளியைப் பரப்பி விழச்செய்யும் விளக்கைப் பொருத்தினேன். இரவு வெப்பத்துக்கு ஒளி தராத செராமிக் சூடேற்றியை, அதன் சூட்டைத் தாங்கும் பீங்கான் தாங்கியில் மாட்டி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 22 பாகையில் நிறுத்தினேன். இரவுக்கென்று விற்கப்படும் சிவப்பு விளக்கை ஒருவர் பரிந்துரைத்தார். ஆமைகளின் கண்கள் நிறம் அறிபவை, சிவப்பு ஒளியும் அவற்றுக்கு வெளிச்சமே என்பதால் அதைத் தவிர்த்தேன்.

அடுத்தது திறந்த வாய். ஈரப்பதமானி 35 விழுக்காடு காட்டியது. சூட்டையும் ஈரத்தையும் ஒருசேரத் தக்கவைக்க, மூன்றில் இரண்டு பங்கை மூடும்படி ஒரு கண்ணாடித் தகட்டை மேலே வைத்தேன். வைத்த பிறகு குழல் விளக்கு கண்ணாடிக்கு மேலே போய்விட்டதைக் கவனித்தேன். தோலில் வைட்டமின் டி3 உருவாகத் தேவையான புற ஊதா-பி கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். விளக்கு பளிச்சென்று எரியும், பயன் இருக்காது. இப்படியே பல மாதங்கள் விட்டிருந்தால், ஓடு மெலிந்து கால் தளர்ந்த பிறகுதான் தெரிய வந்திருக்கும். குழலைத் தகட்டுக்குக் கீழே, ஓட்டிலிருந்து 32 செ.மீ. தொலைவில் வருமாறு உள்ளே பொருத்தினேன். தரைத்தூளின் மேற்பரப்பு சற்று உலர்ந்திருக்க அடிப்பகுதி மட்டும் நனையுமாறு மூலைகளில் வெந்நீர் ஊற்றிக் கிளறினேன். இரண்டு நாளில் ஈரப்பதம் 75க்கும் 80க்கும் இடையே நின்றது.

ஈரத்தைப் பற்றி ஒரு பழைய கருத்தை இங்கே குறிப்பிட வேண்டும். தரைவாழ் ஆமை வறண்ட நிலத்தது, ஈரம் ஆகாது என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஓட்டுத் தகடுகள் கூம்பு கூம்பாக எழுவதற்குப் புரதம் மிகுந்த தீனியைக் குற்றம் சாட்டினார்கள். சல்காட்டா என்னும் ஆப்பிரிக்க ஆமையின் குஞ்சுகளைக் கொண்டு நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கூம்பு எழுவதில் புரதத்தை விடச் சுற்றுப்புற வறட்சிக்கே பெரும்பங்கு இருப்பது தெரிய வந்தது. காட்டில் குஞ்சு ஆமையைப் பார்ப்பதே அரிது. அது பொழுதில் பெரும்பகுதியைச் செடியின் அடியிலும் சருகுக்குள்ளும் ஈர மண்ணிலும் ஒளிந்தே கழிக்கிறது. வெட்டவெளியில் வெயில் காயும் பெரிய ஆமையைப் பார்த்துக் குஞ்சுக்கு வீடு கட்டியதால் வந்த பிழை இது.

அந்த ஒளிதலைக்கூட என் தொட்டி அனுமதிக்கவில்லை. நான் கவிழ்த்து வைத்திருந்த மரப்பட்டை ஒரு கையளவு உயரம். அதற்குள் நான்கு செ.மீ. குஞ்சு நின்றால் ஒரு மண்டபத்தின் நடுவில் நிற்பது போல. ஓட்டின் மேல் எதுவாவது லேசாகப் படும்படி தாழ்ந்த இடம்தான் அதற்குப் பாதுகாப்பான இடம். மரப்பட்டையைத் தூளுக்குள் பாதி புதைத்துத் தாழ்த்தினேன். வெப்ப முனைக்கு அருகே இன்னொரு தாழ்ந்த ஒளிவிடம் வைத்தேன், சூடு வேண்டுமென்றால் மறைவை விட்டு வர வேண்டும் என்ற நிலை இல்லாமல் போயிற்று. நச்சில்லாத இரண்டு செடிகளைப் பூந்தொட்டியோடு புதைத்து நடுவெளியை உடைத்தேன். கண்ணாடிச் சுவர்களின் கீழ்ப்பகுதியில் வெளியிலிருந்து பழுப்புத் தாளை ஒட்டினேன். அதுவரை கீற்று நாள் முழுவதும் மூலைக் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்குத் தெரியும் வெளிக்குப் போக முடியாத காரணம் அதற்குப் புரியாது. தாள் ஒட்டிய மறுநாள் பிறாண்டல் நின்றது.

தூக்குவதை அறவே குறைத்துக்கொண்டேன். எடை மூன்று நாளுக்கு ஒருமுறை, அதுவும் குளியலுக்கு எடுக்கும்போது மட்டும். குளியலுக்கு முன்பே எடை பார்க்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டேன். தண்ணீர் குடித்தால் எடை கூடும், நீர் கழித்தால் குறையும். முந்தைய நாள்களில் நான் முன்னும் பின்னுமாக எடுத்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் பயனே இல்லை.

குளியல் மட்டும் ஆறாம் நாளிலிருந்து தினமும் தவறாமல் நடந்தது. நேர்ச்சுவர் கொண்ட, உள்ளே தெரியாத கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரை, ஓட்டின் அடிப்பகுதியும் மேற்பகுதியும் சேரும் கோடு வரை மட்டும் ஊற்றி, இருபது நிமிடம். தலையைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியும் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. நீரைத் தொடர்ந்து வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்க வேண்டும். முதல் குளியலில் பொட்டு தலையைத் தாழ்த்தி, தொண்டை அசைய அசைய நான்கு நிமிடம் குடித்தது. பிறகு வெளியேறிய யூரேட் எனப்படும் வெண்கழிவு, விரலில் தேய்த்தால் மணல்போல் நறநறத்தது. உடலில் நீர் வற்றியதன் அடையாளம் அது. நீர் போதிய அளவு இருந்தால் தயிர் போல் மென்மையாக இருக்க வேண்டும். நான்கு நாள் குளியலுக்குப் பிறகு அப்படியே ஆனது. பட்டினியை விட நீர் வற்றுவதே குஞ்சை விரைவில் வீழ்த்தும் என்பதால், தீனி இறங்கும் வரை என்னைத் தாங்கிப் பிடித்தது இந்தக் கிண்ணம்தான்.

ஏழாம் நாள் ஒரு கால்நடை மருத்துவரிடம் பேசினேன். கண் குழிந்திருக்கிறதா, மூக்கில் குமிழி வருகிறதா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, தூக்கினால் கால்கள் துவண்டு தொங்குகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. இவற்றில் ஒன்று தோன்றினாலும், வெப்பத்தைத் திருத்திய பிறகும் எடை தொடர்ந்து இறங்கினாலும் உடனே கொண்டுவர வேண்டும் என்றும், வாயைப் பிளந்து எதையும் ஊட்டக் கூடாது என்றும் சொன்னார். தாடை முறியலாம், ஊட்டியது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். முதல் கழிவு கிடைத்ததும் குடற்புழுச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். தின்னாத குஞ்சு கழிவுக்கு எங்கே போகும்? அதற்கும் காத்திருந்தோம்.

எட்டாம் நாள் தீனி வைக்கும் ஒழுங்கை மாற்றினேன். ஏழு மணிக்கு விளக்கு, எட்டரைக்குக் குளியல், பிறகு துடைத்துக் கல்லின் அருகே விட்டுவிடுதல், ஒன்பதரைக்கு இலை. டேன்டெலியன் இலையைப் புகையிலைத் துகள் போல் பொடியாக அரிந்து, நீர் தெளித்து, ஒளிவிடத்தின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் தட்டைக் கல்லின் மேல் வைத்தேன். கால்சியம் இல்லை. மேலே டேன்டெலியன் பூவின் மஞ்சள் இதழ்களைக் கிள்ளிப் போட்டேன். பளிச்சென்ற நிறம் ஆமையின் கண்ணை இழுக்கும். நான் அறையை விட்டு வெளியேறிக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பத்து மணிக்குக் கீற்று கல்லின் மேல் ஏறியது. கழுத்தை நீட்டி இலையை முகர்ந்து, நெடுநேரம் அசையாமல் நின்று, வாயைத் திறந்து கடித்தது, கடித்தது கல்லை. அடுத்த கடி ஓர் இதழைப் பற்றியது. மொத்தம் ஐந்து கடி. குறிப்பேட்டில் ஐந்தையும் தனித்தனியாக நேரம் போட்டு எழுதியிருக்கிறேன் என்பதைச் சிறிது கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பொட்டு வரவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என்று நாள்கள் நகர்ந்தன. கீற்று நாளுக்கு நாள் கூடுதலாகத் தின்றது. பொட்டு வெயில் காயக்கூட அரிதாகவே வெளியே வந்தது. இரண்டும் ஒரே ஒளிவிடத்தில் ஒட்டிக்கொண்டு உறங்குவதைக் கண்டு, துணை இருப்பது நல்லது என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் அரை நாள் உட்கார்ந்து கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. பொட்டு கல்லை நோக்கி வந்தால் கீற்றும் எழுந்து வரும், குறுக்கே நிற்கும், கடிப்பதில்லை, மோதுவதில்லை, ஆனால் இலையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். பொட்டு விலகி வேறு மறைவுக்குப் போனால் அங்கும் பின்தொடர்ந்து அதன் முதுகில் ஏறும். ஆமைகள் கூட்டமாக வாழ்பவை அல்ல. இரண்டை மட்டும் ஒன்றாக வைத்தால் ஒன்று மற்றதைச் சத்தமில்லாமல் ஒடுக்கிவிடும் என்று பழகியவர்கள் எச்சரிப்பது வழக்கம். சண்டை என்றால் ஓசை எழும் என்று எதிர்பார்த்ததால் நான் அதைப் பார்க்கத் தவறினேன். அன்றைய எடை: கீற்று 17.1, பொட்டு 13.9.

ஒளி ஊடுருவாத பலகையால் தொட்டியை இரண்டாக்கினேன். குறுக்கே தடுத்தால் ஒன்றுக்கு வெப்பமும் மற்றதற்குக் குளிரும் மட்டுமே கிடைக்கும் என்பதால், நீளவாட்டில் தடுத்து, வெப்ப விளக்கைப் பலகைக்கு நேர் மேலே கொண்டுவந்து, இரு பக்கமும் 33 பாகைக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மறுபடி அளந்தேன். தலைக்கு 22 செ.மீ. அகலம் என்பது நெருக்கடிதான். சில வாரங்களுக்கு என்று செய்துகொண்ட சமாதானம். பதின்மூன்றாம் நாள் பொட்டு கல்லின் மேல் இரண்டு மணி நேரம் கால்களைப் பரப்பிக்கொண்டு வெயில் காய்ந்தது; அதுவரை அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. பதினான்காம் நாள் காலை, நான் குனிந்து இலையை வைத்துக்கொண்டிருக்கும்போதே வந்து செம்பருத்தித் தளிரைக் கடித்து இழுத்தது.

அதன் பிறகு எழுத அதிகம் இல்லை. கழிவுச் சோதனையில் கவலைப்பட எதுவும் தென்படவில்லை. மல்பெரி இலை, திராட்சை இலை, சப்பாத்திக்கள்ளி என்று வாரம் ஒன்றாகச் சேர்த்து, அரியும் அளவைப் பெரிதாக்கி, இப்போது முழு இலையையே வைக்கிறேன். முன்காலால் மிதித்துக் கிழித்துத் தின்பதில் அலகும் தேய்கிறது. பசலைக்கீரை போன்ற, கால்சியத்தை உடலில் சேரவிடாத ஆக்சாலேட் மிகுந்தவற்றையும் பழங்களையும் வைப்பதில்லை. கால்சியம் பொடி வாரம் மூன்று முறை, கண்ணுக்குத் தெரியாத அளவில். கூடவே ஒரு கணவாய் ஓட்டுத் துண்டு எப்போதும் கிடக்கிறது, பொட்டு மட்டும் அதைச் சுரண்டுகிறது.

இன்று காலை எடை: கீற்று 23.1 கிராம், பொட்டு 19.0 கிராம். பொட்டின் ஓட்டுத் தகடுகளுக்கு இடையே புது வளர்ச்சியின் வெளிர்நிறக் கோடு நூல் போலத் தெரியத் தொடங்கியிருக்கிறது. இரண்டாவது பெட்டியை 120 செ.மீ. நீளத்தில் மரத்தால் செய்து முடித்துவிட்டேன். உட்புறம் பூசிய பூச்சின் நெடி இன்னும் போகவில்லை. அது முழுவதும் அடங்கி, வெறும் பெட்டியிலேயே விளக்கை எரித்து, தரை உயரத்தில் மூன்று நாள் அளந்து பார்த்த பிறகுதான் கீற்றை அதற்கு மாற்றுவேன். பழைய தொட்டி பொட்டுக்கு.